அம்மாவின் மிச்சக் குளிசைகளை எங்கே போடுவது?

வெள்ளவத்தை வாணி | ஞாயிறு, இரவு 9.20

அம்மாவின் அந்தியேட்டி போன கிழமை முடிந்தது. இன்றைக்குத்தான் அவருடைய அலுமாரியைத் திறக்க மனம் வந்தது. கீழ்த்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய சொப்பிங் பை நிறையக் குளிசைகள். சீனிக்குக் குடித்த மெட்போமின், பிறஷருக்கு லொசாட்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டட்டின், முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக். அதோடு பாதியில் நிறுத்திய அன்டிபயோட்டிக் காட்டுகள் (குளிசை அட்டைகள்) நாலைந்து. மாதாமாதம் கிளினிக்கில் கொடுத்ததை வாங்கி வந்து, குடித்தது போக மிச்சத்தை எறிய மனமில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார். அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 340 கிராம்.

"கொமட்டுக்குள் கொட்டித் தண்ணீரை அடித்துவிடு பிள்ளை, குப்பையில் போட்டால் நாய் பூனை தின்னும்" என்றார் சின்னம்மா. இரண்டு காட்டை உடைத்துக் கொட்டியும் விட்டேன். அப்புறம் கை போகவில்லை. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குடுவை | ஞாயிறு, இரவு 10.05

அம்மாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள், வாணி. மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் ஒழுங்கையில் பழைய நகரக் கழிவுக்குழாய் இருந்தால், கொட்டியது கடலுக்குப் போயிருக்கும். கொழும்பின் கழிவுக்குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் போட்டவை. அவை கடலில் விடும் இடங்கள் இரண்டு: தெற்கே உங்கள் வெள்ளவத்தை, வடக்கே மோதரை. நகர எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு குழிதான். குழியில் விழுந்தது மண்ணில் ஊறும், மண்ணிலிருந்து கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ கசியும்.

மருந்து என்பது உடம்புக்குள் போய் வேலை செய்து முடிக்கும்வரை அழியாமல் இருக்கும்படி செய்த பொருள். அந்தக் குணம் வெளியே வந்த பிறகும் போவதில்லை. மெட்போமினை உடம்பு உடைப்பதே இல்லை என்று சொல்லலாம், குடித்தது அப்படியே சிறுநீரில் வரும். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசிப்பீன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டிப் போகும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 104 நாடுகளில் 258 ஆறுகளின் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். அதிகமான இடங்களில் அகப்பட்டவை காபமசிப்பீன், மெட்போமின், கோப்பியிலும் தேநீரிலும் இருக்கும் கபேன் ஆகிய மூன்றும். லாகூர், லா பாஸ், அடிஸ் அபாபா போன்ற நகரங்களின் ஆறுகள் மிக மோசமாக இருந்தன. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழியில்லாத இடங்களும் மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களும்தான் அந்தப் பட்டியலின் மேலே நின்றன.

குடித்த மருந்து வெளியே வருவதை நாம் தடுக்க முடியாது, வருத்தக்காரர் மருந்து குடிக்கத்தான் வேண்டும். குடிக்காததைக் கொட்டாமல் விடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

பிலியந்தலைக் கிணறு | ஞாயிறு, இரவு 10.31

வாசிக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் பதினைந்து அடிதான். பக்கத்து வீட்டுக் குழி அதைவிடக் கிட்ட, மதிலுக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டு ஐயா நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார், ஒரு நாளைக்குப் பதினொரு குளிசை குடிக்கிறார் என்று அவருடைய மனைவி சொன்னார். நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அது போதும்தானே?

கண்ணாடிக்குடுவை | ஞாயிறு, இரவு 10.50

கொதிக்க வைப்பதை நிறுத்தவே வேண்டாம். பதினைந்து அடித் தூரத்தில் உங்களுக்கு முதல் எதிரி கிருமி, மருந்து அதற்குப் பிறகுதான். ஆனால் கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர, கரைந்திருக்கும் மருந்தும் பீடைகொல்லியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மலக்குழியிலிருந்தும் பசளையிலிருந்தும் வரும் நைத்திரேற்று இருந்தால் தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். மண் சட்டி மாதிரியான செராமிக் வடிகட்டியும் இவற்றைப் பிடிக்காது. உயிர்ப்பூட்டிய கரி உள்ள வடிகட்டி பலவற்றைப் பிடிக்கும், கரியை நேரத்துக்கு மாற்றினால். நைத்திரேற்றை அதுவும் பிடிக்காது.

மஸ்கெலியா மைந்தன் | திங்கள், காலை 6.12

இரவே வாசித்தேன், தூக்கம் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்தடித்தவர். நான் சொல்வது தொண்ணூறுகளில். முதுகில் டாங்கி, காலில் செருப்பு இல்லை, வாயில் ஒரு துண்டைக் கட்டியிருப்பார். அப்போது பரகுவாட் என்ற களைநாசினிதான். நீலப்பச்சை நிறம், கிட்டப் போனாலே குமட்டும். மாலை நாலரைக்கு மலையிலிருந்து இறங்கி வந்து டாங்கியைத் தண்ணீர் விழும் பீலியில் வைத்துக் கழுவுவார். பீலிக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்குக் கீழே ஓடை. கழுவிய தண்ணீர் தொட்டி விளிம்பில் நுரை கட்டிக்கொண்டு இறங்கும். பத்தடி தள்ளி அம்மாவும் மற்றப் பெண்களும் குடத்தோடு நிற்பார்கள், நுரை போய் முடியட்டும் என்று. போய் முடிந்ததும் குடத்தை வைப்பார்கள். வேறு தண்ணீர் லயத்தில் இல்லை.

அந்த ஓடையில் நாங்கள் துண்டை விரித்து மீன் பிடிப்போம். மருந்தடிக்கும் கிழமைகளில் மட்டும் அம்மா ஓடைப்பக்கம் போக விடமாட்டார். ஏன் என்று கேட்டால் "மீன் செத்துக் கெடக்கும்" என்பார், அவ்வளவுதான்.

அந்த ஓடை மஸ்கெலியா ஓயாவில் விழுகிறது. மஸ்கெலியா ஓயா மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நிறைந்து, கீழே இறங்கிக் கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கை ஆகிறது. கங்கை கித்துல்கல, அவிசாவளை தாண்டி இறங்கி வருகிறது. கொழும்புக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தளை அதே கங்கையின் கரையில்தான் இருக்கிறது. இருபது வருடமாக நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவும்போது அந்தப் பீலி ஞாபகம் வரும். இந்தத் தண்ணீரில் எங்கள் மலையின் மருந்து வருகிறதா அண்ணா? நேராகச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குடுவை | திங்கள், காலை 8.40

நேராகவே சொல்கிறேன், தம்பி.

அப்பா அடித்த பரகுவாட் உங்கள் குழாய்க்கு வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அது களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும், ஆனால் தண்ணீரில் கரைந்து ஓடாது. மழைக்கு மலைமண் கரைந்தால் மண்ணோடு சேர்ந்து நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படியும். கிளைபோசேட் என்ற களைநாசினியும் பெரும்பாலும் அப்படித்தான், மண்ணை ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்கள் அதை ஆம்பா என்ற வேறொரு பொருளாக உடைக்கும். பரகுவாட்டின் ஆபத்து முழுவதும் உங்கள் அப்பாவின் தோலிலும் மூச்சிலும், அந்தப் பீலியிலும்தான் இருந்தது. 2008இல் தொடங்கிப் படிப்படியாக அதை இந்த நாட்டில் நிறுத்தியது சரியான வேலை. அப்படியான தடைகள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

குழாய்க்கு வரக்கூடியவை வேறு சாதி. நன்றாகக் கரைபவை, மண்ணைப் பிடிக்காதவை. மழை பெய்து முதல் சில மணி நேரத்தில் ஓடிவருபவை. படிகாரம் போட்டு, மணலில் வடித்து, குளோரின் கலக்கும் வழமையான சுத்திகரிப்பு சேற்றுக்கும் கிருமிக்குமாக அமைத்த முறை. கரைந்து நிற்கும் இரசாயனத்தை அது அவ்வளவாகத் தொடாது. சிலதைக் குளோரின் மாற்றியும் விடும்: குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிகொல்லி குளோரினோடு சேர்ந்தால் அதைவிட நச்சுக்கூடிய ஒக்சோனாக மாறும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பீடைகொல்லிக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம். டாங்கி கழுவிய தண்ணீரில் ஒரே ஒரு கிராம் மருந்து போனால், ஒரு கோடி லீற்றர் தண்ணீரை அது அந்த எல்லைக்குக் கொண்டுவரும். அம்மா குடத்தோடு காத்து நின்றாரே, அந்த நுரையை நினைத்துப் பாருங்கள்.

தாவடித் தோட்டம் | திங்கள், பகல் 1.15

ஒரு கோடி லீற்றரா? அப்படியென்றால் நாம் எல்லாரும் இந்நேரம் செத்திருக்க வேண்டுமே. கணக்குச் சொல்லிப் பயம் காட்டக் கூடாது, ஐயா.

கண்ணாடிக்குடுவை | திங்கள், பகல் 1.40

நியாயமான கேள்வி. 0.1 என்பது வருத்தம் தொடங்கும் எல்லை கிடையாது. 1980இல் ஐரோப்பியர் அதை வைத்தபோது, அன்றைய கருவிகளால் கண்டுபிடிக்கக்கூடிய அளவை ஒட்டி வைத்தார்கள். குடிநீரில் பீடைகொல்லியே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். உலக சுகாதார நிறுவனம் குளோர்பைரிபொசுக்குச் சொல்லும் வழிகாட்டி அளவு 30 மைக்ரோகிராம், அதாவது 300 மடங்கு. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கத்தான் தொடர்ந்து அளக்க வேண்டும் என்கிறேன். அளந்ததை மக்களுக்குக் காட்டவும் வேண்டும்.

தாவடித் தோட்டம் | திங்கள், பகல் 2.25

சரி, விளக்கத்துக்கு நன்றி. நான் யாழ்ப்பாணத்துத் தாவடியில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம், இப்போது வெள்ளவத்தையில் கடை. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல். மேலே போட்ட பசளை மழையோடு நேரே கிணற்றுக்குள் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அதைக் கண்ணால் பார்த்த கோபத்தில்தான் எழுதினேன்.

என் கருத்து: எல்லா விவசாய மருந்தையும் ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டும். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள். வடமத்திய மாகாணத்தில் விவசாயிகள் சிறுநீரகம் பழுதாகிச் சாகிறார்கள் என்றுதான் செய்தார்கள். பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் என்று திறந்தார்கள், 2022இல் முழுக்கத் திறந்தார்கள். செத்தவனின் பிள்ளைக்கு என்ன பதில்?

மஸ்கெலியா மைந்தன் | திங்கள், மாலை 5.50

அண்ணா, உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தத் தடைக் காலத்தில் மலையில் நடந்ததைச் சொல்கிறேன். புல் வளர்ந்து கொழுந்தை மூடியது. வேறு களைநாசினி கொண்டுவந்தார்கள், எம்.சி.பி.ஏ. என்று. அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று 2018இல் ஜப்பான் கேள்வி கேட்டது. ஒன்றை நிறுத்தினார்கள், இன்னொன்று வந்தது, முதுகில் டாங்கி அப்படியே இருந்தது. 2021இல் பசளை, மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று உங்கள் கடைக் கணக்கிலேயே இருக்கும், மரக்கறி விலையும் அரிசி விலையும். ஏழு மாதம்கூட அது நிற்கவில்லை.

கண்ணாடிக்குடுவை | திங்கள், மாலை 6.30

சிறுநீரக வருத்தத்துக்கு ஒற்றைக் காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கடுமையான தண்ணீர், புளோரைட்டு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது, பீடைகொல்லி எல்லாம் ஆய்வில் இருக்கின்றன, சேர்ந்தும் வேலை செய்யலாம். கிளைபோசேட்டை மட்டும் குற்றவாளி ஆக்கினால் மற்றவை தப்பிவிடும் என்பதுதான் என் கவலை.

கற்பிட்டிக் கரை | திங்கள், இரவு 8.05

அஸ்ஸலாமு அலைக்கும். தெமட்டகொடையில் இருக்கிறேன், ஊர் கற்பிட்டி. இவ்வளவு நேரமும் களைநாசினி பற்றியே பேசுகிறீர்கள். கோழி எருவை யாரும் சொல்லவில்லையே.

எங்கள் மண் கடற்கரை மணல். தண்ணீரையும் பிடிக்காது, பசளையையும் பிடிக்காது. அதனால் மிளகாய்க்கும் பீற்றூட்டுக்கும் கோழி எருவை லொறி லொறியாகக் கொட்டுவோம், குருநாகல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும். மூட்டையை அவிழ்த்தால் இறகும் உமியும் சூடும். ஒரு தடவை வாப்பா எரு கொண்டுவந்த பையனிடம் "ஏன் இப்படி வேறு வாடை?" என்று கேட்டார். "கோழிக்கு வருத்தம் வந்து மருந்து குடுத்த கிழமை, மாமா" என்றான். அந்த எரு அடுத்த நாளே மண்ணுக்குப் போனது. அந்தப் பாத்திக்குப் பத்தடியில் நாங்கள் குடிக்கும் கிணறு.

கண்ணாடிக்குடுவை | திங்கள், இரவு 9.10

வ அலைக்கும் ஸலாம். இதைச் சொன்னதற்கு நன்றி, இது பெரிய வழி. கோழிக்குக் கொடுக்கும் ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கில் பெரும் பங்கு எச்சத்தோடு வெளியே வருகிறது. அது களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் மணலிலோ ஒட்டுவதற்குக் களி இல்லை. சல்பா வகை மருந்துகள் எந்த மண்ணிலும் தண்ணீரோடு ஓடும். எருவை ஈரம் பார்த்துப் புரட்டிப் புரட்டி நன்றாக மக்க விட்டால் டெட்ராசைக்கிளினும் சல்பாவும் கணிசமாக உடையும். சிப்ரோபுளொக்சசின், என்ரோபுளொக்சசின் குடும்பம் மட்டும் பிடிவாதம், அவ்வளவு லேசில் உடையாது.

அன்டிபயோட்டிக் விஷயத்தில் "மிகச் சிறிய அளவுதானே" என்ற ஆறுதல் செல்லாது. கொல்லப் போதாத அளவு மருந்துதான் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறது. பலவீனமானது சாகும், தாங்கியது பெருகும், தாங்கும் குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். இதன் உச்சத்தை ஐதராபாத்துக்குப் பக்கத்துப் பட்டன்செருவில் பார்த்தார்கள். அங்கே மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து விடும் நிலையத்தின் வெளிநீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்தது. 2007இல் வெளியான ஆய்வு. மருந்து குடிக்கும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம்.

மீனுக்கும் சிறிய அளவு போதும். கனடாவில் ஒரு முழு ஏரியில் கருத்தடைக் குளிசையின் ஹோர்மோனை லீற்றருக்கு ஐந்தாறு நானோகிராம் அளவில் மூன்று கோடைகாலம் கலந்தார்கள். ஆண் மீன்களில் பெண் தன்மை வந்தது, அந்தச் சின்ன மீனினம் அந்த ஏரியில் அழியும் நிலைக்குப் போனது. வாணி, உங்கள் பையிலுள்ள டைக்குளோபெனக்தான் இந்தியத் துணைக்கண்டத்தின் கழுகுகளை முடித்தது. மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போன பிறகுதான், 2006இல், இந்தியா மாட்டுக்கு அதைத் தடை செய்தது.

வெல்லம்பிட்டி விடியல் | செவ்வாய், காலை 5.40

இப்போதுதான் நடந்துவிட்டு வந்தேன். கொலன்னாவைப் பக்கச் சதுப்பில் கங்குன் கீரை வெட்டுகிறார்கள். ஒரு அம்மா முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். கட்டுக் கட்டாக வெட்டி, வாழைநாரால் கட்டி, அதே தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் கரையில் அடுக்குகிறார். அந்த வாய்க்காலில் வீட்டுக் கழிவு விழும் குழாய் இருபது அடி மேலே இருக்கிறது. 2017இல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடும் இந்தச் சதுப்பை ஒட்டித்தான். மருந்துப் போத்தலும் காட்டும் எத்தனை அந்த மேட்டுக்குள் கிடக்குமோ.

கேட்டேன், "அம்மா, இதை வீட்டிலும் சாப்பிடுவீர்களா?" என்று. "பின்னே? பிள்ளைகளுக்கு நல்லது" என்றார். எனக்கு மேலே ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் பிழைப்பைக் கெடுக்கவும் மனமில்லை. கீரையை நன்றாகக் கழுவினால் போகுமா?

கண்ணாடிக்குடுவை | செவ்வாய், காலை 9.00

மேலே ஒட்டிய மருந்தும் கிருமியும் கழுவினால் குறையும். ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். வேர் வழியாக உள்ளே போனது கழுவிப் போகாது. கொழும்பைச் சுற்றிய கீரைகளில் பார உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தும் அப்படி ஏறும்: இஸ்ரேலில் சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த மரக்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் காபமசிப்பீன் இருந்தது, 2016இல் வெளியிட்டார்கள். அளவு மிகச் சிறியதுதான், ஆனால் வட்டம் முழுதாகிவிட்டது.

அந்த அம்மா குற்றவாளி இல்லை. வாய்க்காலில் குழாயை விட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும்.

தெஹிவளைப் பாமசி | செவ்வாய், பகல் 12.20

வாணி அக்காவின் கேள்விக்கு இன்னும் யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. நான் மருந்தாளர்.

முதலில் பெயர், கிளினிக் இலக்கம் இருக்கும் லேபல்களைக் கிழித்து எறியுங்கள். குளிசைகளை வெளியில் விற்கவோ யாருக்கும் தானமாகக் கொடுக்கவோ வேண்டாம், அலுமாரிச் சூட்டில் இருந்த மருந்தை நம்பக் கூடாது. அன்டிபயோட்டிக்கைத் தனியாக எடுங்கள். எங்கள் கடையில் காலாவதியான சரக்கை எரிக்க அனுப்புகிறோம், இதையும் அதோடு சேர்த்து அனுப்பலாம், கொண்டு வாருங்கள். எல்லாப் பாமசியும் வாங்காது, முதலில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

யாரும் வாங்காத இடத்தில் இருப்பவர்கள், காட்டிலிருந்து பிரித்து, குடித்து முடித்த ஈரத் தேயிலைச் சக்கையோடு பிசைந்து, இறுக மூடும் போத்தலில் அடைத்து, குப்பையில் போடலாம். பிசைவது பிள்ளைகளும் நாய் பூனையும் தின்னாமல் இருக்கத்தான். கொழும்பு நகரக் குப்பையில் ஒரு பகுதி 2021 முதல் கெரவலப்பிட்டியில் எரிகிறது, மண்ணில் புதைவதைவிட அது பரவாயில்லை. வீட்டு முற்றத்தில் எரிப்பதும் கிணற்றடியில் புதைப்பதும் கூடவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு இரண்டு அமொக்சிசிலின் தாருங்கள் என்று சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறார்கள். இல்லை என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அந்த இரண்டு குளிசையும் வருத்தத்தையும் மாற்றாது, தண்ணீரிலும் சேரும்.

வெள்ளவத்தை வாணி | புதன், மாலை 4.30

எல்லாருக்கும் நன்றி. அம்மா போன கிளினிக்கில் முதலில் கேட்டேன், கொடுத்ததைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். இன்றைக்குத் தெஹிவளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு காட்டின் பின்னாலும் அம்மா பென்சிலால் "காலை 1, இரவு 1" என்று எழுதியிருந்தார். ஒன்றை மட்டும் வெறும் காட்டாக வைத்துக்கொண்டேன். சின்னம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத்தட்டில் இருப்பதையும் எடுத்துத் தருகிறேன் என்றார்.

மஸ்கெலியா மைந்தன் | புதன், இரவு 7.15

ஊரில் இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பியோடு பேசினேன். இப்போது டாங்கியைப் பீலிக்குக் கொண்டுவர விடுவதில்லையாம். நாலைந்து வருடத்துக்கு முன்னால் லயத்துப் பெண்கள் குடத்தோடு மறித்து நின்று சண்டை போட்டார்களாம். அதற்குப் பிறகு மலையிலேயே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் அடித்த இடத்திலேயே அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

கண்ணாடிக்குடுவை | புதன், இரவு 7.40

மிகச் சரியான முறை. அந்தப் பெண்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பிலியந்தலைக் கிணறு | புதன், இரவு 8.05

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கப் போகிறேன், பக்கத்து வீட்டாரும் செலவில் பாதி தருகிறேன் என்கிறார்கள். எந்தப் போத்தலில் எடுப்பது, எதைக் கேட்பது?

கண்ணாடிக்குடுவை | புதன், இரவு 8.30

முதலில் மலக்கிருமியும் நைத்திரேற்றும் கேளுங்கள், இந்த இரண்டும் குழி கசிகிறதா என்று காட்டிவிடும். கிருமிக்கு ஆய்வுகூடமே கிருமி நீக்கிய போத்தல் தரும், மூடியின் உட்பக்கத்தைத் தொடாமல் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். பீடைகொல்லியும் பார்ப்பதென்றால் பிளாஸ்டிக் வேண்டாம், கபில நிறக் கண்ணாடிப் போத்தல் கேட்டு வாங்குங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் எடுத்தால் உண்மை தெரியும்.